எல்லைக்கல்லில் வாங்கிய அடி

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பின்வாங்கில் என்னோடு இருந்தவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆறாம் வகுப்பின் கடைசித் தவணையில் எனக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை. ஆசிரியை சொல்வதெழுதுதல் தரும்போது நான் தலையைத் திருப்பி வலது காதை நீட்டுவேன், நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். சளி அடைத்துவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். சளியுமில்லை, ஒன்றுமில்லை. எங்கள் ஊராட்சித் தலைவர் என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தார். அறையச் சொல்லிக் கேட்டதே நான்தான்.

முப்பது வயதில் பழங்கதை எழுத வந்துவிட்டாள் என்று நினைப்பீர்கள். உங்களில் ஒருவனுக்கு முன்மண்டை வெளித்துவிட்டது. இன்னொருத்தி முழங்காலுக்கு ஊசி போடப் போய்வருகிறாள். நான் கண்ணாடி இல்லாமல் பஸ் இலக்கம் வாசித்து இரண்டு வருடமாகிறது. எழுதலாம், தப்பில்லை.

சுவிஸில் அப்போது நாங்கள் இருந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. தேடினாலும் வரைபடத்தில் அது வேறோர் ஊரின் ஏரிக்கரைப் பகுதியாகத்தான் கிடைக்கும். நாங்கள் இருந்தபோது அது தனி ஊராட்சி, எங்கள் வீட்டுப் பேச்சில் கெமைண்டே. ஒரு தேவாலயம், ஒரு படகுத்துறை, அப்பா சமையல் வேலை செய்த ஹோட்டல், ஒரு கடை, மூடிக்கிடந்த ஒரு கற்குவாரி, அவ்வளவுதான். மலைச்சரிவில் எங்களுக்கு மேலே இன்னோர் ஊர் இருந்தது. அது எங்களைவிடப் பெரியது, பள்ளிக்கூடமும் அங்கேதான். நாங்கள் அதை மேலூர் என்போம், எங்களுடையதைக் கீழூர் என்போம். அவர்கள் எங்களை மீன்நாற்றங்கள் என்பார்கள்.

அந்தச் சின்ன ஊரின் சரித்திரத்தை எங்களுக்குப் பள்ளியில் படிப்பித்தார்கள். முழுக்க அடிதடி. ஒரு காலத்தில் மேலூர் ஆட்கள் இறங்கிவந்து எங்கள் படகுகளைக் கோடரியால் கொத்தினார்கள். எங்கள் ஆட்கள் ஏறிப்போய் அவர்களுடைய மாடுகளை ஏரிக்குள் துரத்திச் சாகடித்தார்கள். குவாரியில் வெடி முந்திக்கொண்டு ஒரே வீட்டில் தகப்பனும் இரண்டு மகன்மாரும் சிதறினார்கள், மருந்தில் மேலூரான் கை வைத்தான் என்று அதற்கும் ஒரு பழி. ஒரு பாதிரியாரைப் பிரசங்க மேடையிலிருந்து காலைப் பிடித்து இழுத்து அடித்திருக்கிறார்கள். வாத்தியார் மேலூர்க்காரர், இதையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். நாங்கள் ஆறு கீழூர்ப் பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்போம். யாழ்ப்பாணத்துக்காரரின் மகள் உனக்கென்னடி அதில் என்று கேட்காதீர்கள். எனக்கு அது என் ஊர்.

2009 தொடங்கியபோது இரண்டு ஊரையும் ஒன்றாக்கும் பேச்சு முற்றிவிட்டது. கீழூர் மன்றத்துக்கு நிற்க ஆளில்லை, இருந்தவர்களும் களைத்துப் போனார்கள். தலைவர் மாட்டுப் பண்ணைக்காரர், அறுபதை நெருங்கியவர். இனி இழுக்க முடியாது, மேலூரோடு சேருவோம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகு ஒரு வாரமும் சும்மா போகவில்லை. அவருடைய தபால்பெட்டிக்குள் வெட்டிய மீன்தலை கிடந்தது. அவருடைய டிராக்டரின் நான்கு டயரையும் யாரோ குத்தினார்கள். மதுக்கடையில் அவருக்காகப் பேசிய ஒருவரின் காதை எங்கள் மீன்பிடிகாரர் பியர்க் கண்ணாடியால் கிழித்தார். அந்த மீன்பிடிகாரர் எங்கள் பக்கத்து வீடு. காலையில் கரையில் நின்று, வலையில் வந்த மீன்களைக் குட்டைத் தடியால் மண்டையில் ஒவ்வொன்றாக அடித்துக் கொல்லுவார். பள்ளி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எனக்குக் கேட்கும் சத்தம் அதுதான்.

பெரியவர்கள் இப்படியென்றால் எங்களைச் சொல்லவா வேண்டும். பள்ளி முடிந்து பஸ் வர இருபது நிமிடம் இருக்கும். அந்த இருபது நிமிடமும் மேலூர்த் தேவாலயச் சுவருக்குப் பின்னால் சண்டை. நான் கல் எறிந்தால் குறி தப்பாது. மேலூர்ப் பையன் ஒருவனின் புருவத்தைக் கிழித்தேன். ஒருத்தியின் கூந்தலில் ஒரு பிடியைப் பிடுங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒருதரம் என் முகத்தைப் பனிக்குள் அமத்திப் பிடித்தார்கள், மூச்சுக்கு வாய் திறந்தால் பனிதான் வந்தது. எனக்கு அடிக்கப் பிடித்திருந்தது. அடிக்கும்போது யாரும் என்னை எந்த நாடு என்று கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்கள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் ஜக்கெற் முதுகுப்பக்கம் கிழிந்து வீட்டுக்குப் போனேன். அப்பா ஹோட்டலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன நடந்தது?"

"விழுந்திட்டன்."

"விழுந்தா முதுகிலை கிழியுமோ?"

வாத்தியார் ஏற்கெனவே தொலைபேசி எடுத்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. அப்பா அகப்பையை எடுத்துத் திருப்பிப் பிடித்தார். கெண்டைக்காலில் காம்பால் அடித்தார். காம்பு முறிந்தது. முறிந்த துண்டாலும் அடித்தார்.

"பன்னிரண்டு வருஷமா இந்த ஊரிலை ஒருத்தனோடையும் கொழுவாமல் இருக்கிறன். குப்பையைக் கூட அவங்கள் சொன்ன நாளிலைதான் வைக்கிறன். எதுக்கு? நீ கல்லெறிஞ்சு எல்லாத்தையும் கெடுக்கவோ?"

"காணும், விடுங்கோ. பிள்ளை செத்துப்போகும்," என்று அம்மா குறுக்கே வந்தார். அவருடைய முன்கையிலும் ஒன்று விழுந்தது.

அப்பா எதற்குப் பயந்தார் என்பது எனக்கு அப்போதே தெரியும். அப்பா அகதியாக வந்தவர். அகதிப் பயணப் பத்திரத்தோடு உலகத்தில் மற்ற நாடுகளுக்கெல்லாம் போகலாம், இலங்கைக்குப் போக முடியாது. அவருடைய ஒரே தம்பி, என் சித்தப்பா, மனைவி பிள்ளைகளோடு வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்தார். சுவிஸ் பாஸ்போட் கையில் வந்தால் போய்த் தேடிக் கூட்டிவந்துவிடலாம், பாஸ்போட்காரனை ஆமி தொடமாட்டான் என்பது அப்பாவின் ஒரே எண்ணம். எங்கள் நால்வரின் பிரஜாவுரிமை மனுவும் ஜூன் மாத ஊர்க்கூட்டத்துக்கு வர இருந்தது. ஊரார் மண்டபத்தில் கூடிக் கை உயர்த்தி, ஆளை எடுப்பதா விடுவதா என்று அங்கே முடிவு செய்வார்கள். அப்பா, அம்மா, நான், ஆறு வயதுத் தம்பி. அடி வாங்கும்போதுகூட அந்த நாலு பெயர்தான் எனக்கு ஓடியது.

இனி எல்லைக்கல்லைச் சொல்ல வேண்டும்.

கீழூரில் ஒரு வழக்கம் இருந்தது. இயேசு விண்ணேறிய வியாழனன்று, அது மே மாதத்தில் வரும், ஊர் முழுக்கத் தன் எல்லையைச் சுற்றி நடக்கும். ஆண்கள் பழைய துப்பாக்கிகளில் கருமருந்து இடித்து, ஒவ்வோர் எல்லைக்கல்லிலும் வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். கடைசிக் கல் குவாரிக்கு மேலே, மேலூரைத் தொட்டுக்கொண்டு இருந்தது. அந்தக் கல்லில் வைத்து, அந்த வருடம் பன்னிரண்டு வயதான கீழூர்ப் பிள்ளைகளைத் தலைவர் கன்னத்தில் அறைவார். அடி விழுந்த இடம் சாகும்வரை மறக்காது, பிறகு யாராவது கல்லை நகர்த்தினால் இந்தப் பிள்ளை சாட்சி சொல்லும் என்பது பழைய ஆட்களின் யோசனை. என் காலத்தில் அது செல்லத் தட்டாகிவிட்டது. தட்டிவிட்டு ஒரு இனிப்புக் கொடுப்பார்கள்.

எனக்கு அந்த வருடம் பன்னிரண்டு. தலைவரின் மகனுக்கும் பன்னிரண்டு. "உனக்கு விழாது, நீ இந்த ஊர் இல்லை," என்று அவன் பஸ்ஸில் வைத்துச் சொன்னான். நான் அவனுடைய கையைத் திருகினேன், அவன் அழுதான், ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

ஆகவே கடை வாசலில் தலைவரைப் பிடித்தேன்.

"எல்லைக்கல்லில் எனக்கும் அடிப்பீர்களா?"

அவர் பால் கேனைக் கீழே வைத்தார்.

"உன் அப்பாவுக்கு இது தெரியுமா? இந்த வழக்கம் என்னவென்று அவருக்குச் சொன்னாயா?"

"சொன்னேன். அவருக்குச் சந்தோஷம்," என்றேன்.

பொய். நான் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வியாழனன்று அவர் அங்கே நின்று, தன் மகளும் வரிசையில் நிற்பதைத் திடீரென்று பார்க்க வேண்டும், எங்களை எடுத்துவிட்டார்கள் என்று அவருக்கு அந்த இடத்திலேயே விளங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்போது நினைக்க எனக்கு என்மேல் வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வியாழனுக்கு முந்திய நாட்களை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீடுகளிலும் அந்த வாரம் அடுப்பு எரியவில்லை. 2009 மே நடுப்பகுதி. வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. சித்தப்பாவின் குரல் கடைசியாகக் கேட்டது ஏப்ரலில், அதுவும் முக்கால் நிமிடம். அப்பா கணினியில் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, கிடக்கிற உடம்புகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவுக்கு இடது காலில் சின்னவிரல் இல்லை. மூன்று நாள் அவர் படுக்கவில்லை. ஹோட்டலில் கொதித்த எண்ணெய்க்குள் விரல் நுனியை விட்டுவிட்டு, யாரோ கத்திய பிறகுதான் எடுத்தாராம்.

"இண்டைக்குப் போகாதேங்கோ," என்று அம்மா வியாழன் காலை சொன்னார். "உங்கடை முகத்தைப் பார்க்கவே பயமாக் கிடக்கு."

"போகாட்டி அதையும் எழுதி வைப்பினம். ஊரோடை சேராத ஆள் எண்டு." அப்பா சவரம் செய்துகொண்டே சொன்னார். தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார்.

அம்மா தம்பியோடு வீட்டில் நின்றுவிட்டார். நானும் அப்பாவும் போனோம். நல்ல வெயில், புல் வெட்டிய மணம். முதல் கல்லில் இருபது துப்பாக்கி ஒன்றாக வெடித்தது. அப்பா குனிந்துவிட்டார், பிறகு சப்பாத்து நாடா கட்டுகிறவர் போல நடித்தார். இரண்டாவது கல்லில் கண்ணை மூடினார். நாலாவது கல்லில் என் தோளைப் பிடித்தார். பிடித்த இடம் ஒரு கிழமை கன்றியிருந்தது. புகை கறுப்பாகக் கிளம்பி எங்கள் முகத்தில் படிந்தது, எல்லாரும் சிரித்தார்கள், வைன் போத்தல் கைமாறியது. நானும் சிரித்தேன்.

கடைசிக் கல்லில் மேலூர் ஆட்கள் சிலர் வேடிக்கை பார்க்க எதிர்ப்பக்கம் நின்றார்கள். தலைவர் தொப்பியைக் கழற்றினார். "அடுத்த வருடம் இந்தக் கல்லுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஊராக இருக்கலாம். அதனால் இந்தமுறை நான் தட்டமாட்டேன். எங்கள் தகப்பன்மார் அடித்த மாதிரி அடிப்பேன். மறக்காதீர்கள்," என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. இணைப்பு வேண்டுமென்று சொன்ன அதே மனிதர்.

வரிசையில் நான்கு பேர். முதலில் அவருடைய மகன். அறையில் அவனுடைய தொப்பி பறந்தது. மற்ற இரண்டு பேரும் அழுகையை விழுங்கினார்கள். அப்பா எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால், ஒரு மரத்தில் சாய்ந்து, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இது உன் எல்லை," என்று தலைவர் என்னிடம் சொன்னார். நான் கன்னத்தைக் காட்டினேன். மாட்டுக்காரரின் கை. எனக்குள் ஒரு மணி அடித்தது போலிருந்தது, பிறகு இடதுபக்கத்து உலகம் நின்றுபோனது. நான் விழுந்து கல்லில் முழங்கையை இடித்தேன். விழும்போதும் சந்தோஷமாக இருந்தேன், அதுதான் உண்மை.

அப்பா நிமிர்ந்து பார்த்தது, நான் நிலத்தில் கிடந்ததையும் என்மேல் ஓர் ஆள் குனிந்து நின்றதையும்தான்.

அவர் எப்படி அந்தக் கூட்டத்தைக் கடந்தார் என்று தெரியாது. முதல் குத்து தலைவரின் வாயில் விழுந்தது. பல் முறிந்த சத்தம் என் வலது காதுக்குத் தெளிவாகக் கேட்டது. தலைவர் கல்லின்மேல் மல்லாந்தார். அப்பா அவருடைய நெஞ்சில் ஏறியிருந்து இரண்டு கையாலும் மாறிமாறி முகத்தில் அடித்தார்.

"பிள்ளையிலை கை வைக்கிறியோடா? பிள்ளையிலை கை வைக்கிறியோ?"

தமிழில்தான் கத்தினார். தலைவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. மீன்பிடிகாரர் பின்னால் வந்து அப்பாவின் வலது கையைப் பிடித்து முதுகுக்கு மேலே திருகினார். தோள்மூட்டு கழன்றது. நான் எழும்பி மீன்பிடிகாரரின் மணிக்கட்டைக் கடித்தேன், இரத்தம் வரும்வரை கடித்தேன். அவர் உதறினார்.

அப்போது அப்பா தலையை உயர்த்தினார். சுற்றிவர ஆண்கள், எல்லார் கையிலும் துப்பாக்கி. ஒருவரும் அவரை நோக்கிப் பிடிக்கவில்லை, திகைத்துப்போய் நின்றார்கள். ஒருவரும் கையைத் தூக்கச் சொல்லவுமில்லை. அப்பா முழங்காலில் இருந்தார். கழன்ற கையை நல்ல கையால் தூக்கி, இரண்டையும் பிடரிக்குப் பின்னால் கோத்து, தலையைக் குனிந்தார். அப்படியே இருந்தார். மேலூர்ப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் அழத் தொடங்கினாள். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "எழும்புங்கோ அப்பா, இது விளையாட்டு, இது விளையாட்டு," என்றேன்.

ஆஸ்பத்திரியில் தோளைத் திரும்பப் பொருத்திவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் வழக்கம் என்னவென்று அவரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டார். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கும் மேலாக அவருடைய சத்தம் கேட்டது.

தலைவர் பொலிசுக்குப் போகவில்லை. மறுநாள் அப்பா கையைத் தொங்கவிட்ட கட்டோடு பண்ணைக்குப் போனார், மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். தலைவரின் முன்பல் இரண்டும் இல்லை, உதட்டில் தையல். அப்பா மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன்னர் அவர் தடுத்தார்.

"நான் உங்களிடம் நேரே வந்து கேட்டிருக்க வேண்டும். என் பிழை. முறைப்பாடு இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்ன பொய்யை அவர் அப்போதே போட்டு உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. அதை நான் மொழிபெயர்க்க வேண்டியும் வரவில்லை.

முறைப்பாடு இல்லாததால் எல்லாம் சரிவந்துவிடும் என்று நினைத்தோம். ஆனால் இப்படியொன்று நடந்த பிறகு, மனுவோடு இன்னொரு தாள் சேர்க்க வேண்டும் என்று ஊராட்சிச் செயலாளர் சொன்னார். அவர் ஒரு பெண், கிழமையில் இரண்டரை நாள் வேலை. எனக்கு அவரை நல்லாகப் பிடிக்கும். பாட்டுக்காரி மாதிரிக் குரல், மேசையில் எப்போதும் ஊரின் வட்ட முத்திரை, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஜெலி மிட்டாய். வீட்டு ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். என் முறையில் சிவப்பு சிரப் கலக்கித் தந்தார்.

"பயப்படாதே. அப்பா வீட்டிலும் அடிப்பாரா?"

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் அடி என்பது ஊர்ப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதை என்று ஒரு கிழமைக்கு முன்னர்தான் கன்னத்தில் வாங்கிப் படித்திருந்தேன். அப்பாவும் அடிப்பார், அவரும் உங்களைப் போலத்தான் என்று சொன்னால் அவருக்கு நல்லது என்று எண்ணினேன். ஆகவே எல்லாம் சொன்னேன். கல்லெறிந்ததற்கு அகப்பையால் அடித்தது, காம்பு முறிந்தது, முறிந்த பிறகும் அடித்தது, அம்மாவுக்கும் பட்டது. "எங்கள் ஆட்கள் எல்லாரும் அடிப்பார்கள்," என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன். உங்கள் வீடுகளையும் சேர்த்து மாட்டிவிட்டேன், மன்னியுங்கள். அவர் எழுதுவதை நிறுத்தி என் கையைப் பிடித்தார். அவருக்குக் கண் கலங்கியது. என் பேச்சு அவரை உருக்கிவிட்டது என்று நினைத்து இன்னொரு ஜெலி எடுத்தேன்.

ஜூன் ஊர்க்கூட்டம் விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. மனுக்காரர்கள் வெளியே போக வேண்டும். அப்பா, அம்மா, தம்பி வாசலில் நின்றார்கள். நான் மண்டபத்துச் சமையலறைக்குள் புகுந்து, சாப்பாடு நீட்டும் யன்னலின் மரத்தட்டியில் வலது காதை வைத்தேன்.

தலைவர் பேசினார். பல்லில்லாததால் காற்றுப் போனது. "அடித்தது நான், அவர் தகப்பன். என் மகனுக்கு எனக்குத் தெரியாமல் ஒருவன் அப்படிச் செய்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்." சிலர் மேசையில் தட்டி ஆதரித்தார்கள். அப்போது ஒருவர் எழுந்து, செயலாளர் மனுவோடு சேர்த்த பின்னிணைப்பை வாசிக்க வேண்டும் என்றார். காரணம் சொல்லாமல் ஒருவரை மறுக்கக்கூடாது என்பது சட்டம். அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, குத்து காரணமாகவில்லை. செயலாளரின் அழகான குரல் வாசித்தது. மகளின் வாக்குமூலத்தின்படி. மரக்கரண்டி. முறியும்வரை. தாயார் மீதும். "தகப்பனார் இதை உறுதிப்படுத்தியுள்ளார்," என்று கடைசியில் ஒரு வரி வாசித்தார். அந்த வரி எனக்கு அப்போது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மண்டபத்தில் கதிரைகள் அசையும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லைக்கல்லில் பிள்ளைகளை அறைந்து கைதட்டிய அதே ஆட்கள்.

பெயர் பெயராகக் கை உயர்த்தினார்கள். அம்மா, ஆம். நான், ஆம். தம்பி, ஆம். அப்பா, இல்லை. அதே கூட்டத்தில், அடுத்த விஷயமாக, மேலூரோடு இணைவதற்கும் ஆம் விழுந்தது. மீன்பிடிகாரர் கதிரை ஒன்றைத் தூக்கி மேடைக்கு எறிந்தார்.

அப்பா எங்கள் மூவருக்கும் ஒவ்வொருவராகக் கை கொடுத்தார், சுவிஸ்காரர் பிறந்தநாளுக்குக் கொடுப்பதைப் போல. அம்மா அவருடைய கையை விடாமல் நின்றார்.

வருடம் முடிய ஊராட்சியும் முடிந்தது. முத்திரையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். கடைசி எல்லைக்கல் ஒருநாள் இல்லாமல் போயிருந்தது. ஏரிக்குள் கிடக்கிறது என்று சிலர், மேலூரான் வீட்டுப் படியாகக் கிடக்கிறது என்று சிலர். என் காது அதற்குள் சரிவந்துவிட்டது. நாங்கள் பேர்ன் நகரத்தின் பூம்ப்ளிஸ் பகுதிக்கு இடம் மாறினோம், உங்களையும் அதோடு விட்டுவிட்டேன்.

சித்தப்பாவைத் தேடி அம்மாதான் போனார். புதுப் பாஸ்போட்டோடு, ஒரு படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, புருஷனின் தம்பியை முகாம் முகாமாகக் கேட்டுத் திரிந்தார். கடைசி நாளில் சரணடைந்தவர்களின் வரிசையில் நின்றதைக் கண்டதாக ஒருவர் சொன்னாராம். அதோடு சரி. அப்பா ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் அம்மாவுக்கு வழி சொல்லுவார். எந்தச் சந்தி, எந்தக் குளக்கட்டு, எந்த வீட்டில் கேட்க வேண்டும் என்று. அவர் சொன்ன வீடுகள் எதுவும் அங்கே இருக்கவில்லை. பிறகு அவர் பிரஜாவுரிமைக்கு மனுப் போடவே இல்லை. புதிய ஊராட்சியில் போடலாம், பேர்னில் போடலாம் என்று தம்பி படிவம் நிரப்பிக்கூட வைத்தான். "எனக்கு இந்தப் பத்திரமே காணும்," என்பார்.

நான் என் வாயால் நடந்ததை ஒருவருக்கும் சொல்லாமல் வளர்ந்தேன். கோபக்காரி என்று பெயர் எடுத்தேன். இரண்டு வேலை போனது, ஒரு நிச்சயதார்த்தம் போனது. போன வருடம் ஒரு ஞாயிறு மத்தியானம், அப்பா பூம்ப்ளிஸ் வீட்டுச் சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"அப்பா, கெமைண்டேயிலை நீங்க அடிக்கிறனீங்க எண்டு சொன்னது நான்தான்."

"தெரியும்."

"அண்டைக்குக் கூட்டத்திலை கேட்டதோ?"

"அதுக்கு முன்னமே தெரியும். அந்தப் பொம்பிளை என்னைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினவ. இது உண்மையில்லை எண்டா சொல்லுங்கோ, வெட்டிவிடலாம் எண்டவ."

"பிறகேன் வெட்டேல்லை?"

அவர் மீனைத் திருப்பினார். கை எண்ணெய்க்கு எட்டத்திலேயே நின்றது.

"வெட்டினா, பிள்ளை சொன்னது பொய் எண்டு கீழை நான் எழுதிக் கையெழுத்து வைக்கோணும். உன்ரை பேரும் அந்த மனுவிலைதானே கிடந்தது. பொய் சொல்லுற பிள்ளை எண்டு உன்னை விட்டிட்டா? அடிச்சது நான்தானே. ஓம் எண்டு கையெழுத்து வைச்சன்."

"சித்தப்பாவைத் தேடிப் போகேலாமல் போகுமெண்டு உங்களுக்குத் தெரியுமெல்லோ?"

"தெரியும்." அடுப்பைக் குறைத்தார். "அவன் காணாமல் போயிட்டான். நீ முன்னாலை நிண்டனீ."

இரண்டு துண்டு மீனை என் தட்டில் வைத்துவிட்டு, முள்ளைப் பார்த்துச் சாப்பிடு என்றார். எனக்கு அந்த நேரத்தில் யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. அந்தச் சமையலறையில் அப்பாவும் நானும் மட்டும்தான் இருந்தோம்.